கணக்கில் வராத பெருநாளும் கைகொடுக்காத மதிப்பீடுகளும்

பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாட்களில் நாடே அதனை உற்றுநோக்குகிறது. விவாதங்கள் நடைபெறுகின்றன, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அதேவேளை, எவரது கவனத்தையும் ஈர்க்காத எண்ணற்ற வரவு செலவுத் திட்டங்களும் இந்நாட்டில் ஆண்டுதோறும் தயாரிக்கப்படுகின்றன. கல்முனையில் புடைவைக் கடை நடத்துபவர், யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர், புத்தளத்தில் சிறு அரிசி ஆலையொன்றின் உரிமையாளர் ஆகிய ஒவ்வொருவரும் கொப்பியிலோ மனக்கணக்கிலோ இத்தகையதொரு திட்டத்தை வைத்திருக்கவே செய்கின்றனர். அத்திட்டத்தின் முதல் வரியில் இருப்பது ஒரேயோர் இலக்கம்தான். வருகின்ற ஆண்டில் எவ்வளவுக்கு விற்பனையாகும் என்பதே அது.

அந்த இலக்கத்தை அடிப்படையாகக் கொண்டே எவ்வளவு சரக்குக் கொள்வனவு செய்வது, எத்தனை பேரை வேலைக்கு வைத்துக்கொள்வது, கடையை விஸ்தரிப்பதா, வங்கியில் கடன் பெறுவதா என்பன யாவும் தீர்மானிக்கப்படுகின்றன. புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் இருந்து சரக்கெடுக்கும் வெளிமாவட்ட வர்த்தகர்கள் பெரும்பாலும் கையில் பணம் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் தள்ளித் திகதியிட்ட காசோலைகளையே கொடுக்கின்றனர். அந்தத் திகதிக்குள் சரக்கு விற்றுப் பணம் வங்கிக்கு வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில்தான் காசோலையில் கையொப்பமிடப்படுகிறது. எனவே விற்பனை மதிப்பீடு என்பது பெரிய கம்பனிகளின் கணக்காளர்களுக்கு மட்டுமே உரிய விடயமல்ல. காசோலை திரும்பினால் குலைவது கணக்கு மாத்திரமன்று, பல்லாண்டு காலமாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையும் நாணயமுமாகும்.

மதிப்பீடு செய்வதற்கு நம்மவர்கள் கைக்கொள்ளும் முறை மிக எளிமையானது. சென்ற ஆண்டு இதே மாதத்தில் எவ்வளவு விற்றது என்று பார்ப்பது, அதனுடன் பத்துப் பதினைந்து சதவீதத்தைச் சேர்த்துக்கொள்வது. அமைதியானதொரு காலத்தில், விலைகள் நிலையாக இருக்கும் நாட்டில், இது அவ்வளவு மோசமான முறையென்று சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ், முஸ்லிம் பிரதேசங்களின் வர்த்தகத்துக்கு இம்முறையைப் பிரயோகிக்கையில் முதலாவது தடங்கல் நாட்காட்டியிலேயே ஏற்பட்டுவிடுகிறது.

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் ஆங்கில நாட்காட்டியில் ஏறத்தாழ ஒரே திகதியில் வருவன. தீபாவளி ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் அசைவது. நோன்புப் பெருநாளோ ஒவ்வோர் ஆண்டும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்நோக்கி நகர்வது. 2023ஆம் ஆண்டில் ஏப்ரல் 22ஆம் திகதியும், 2024இல் ஏப்ரல் 10ஆம் திகதியளவிலும், 2025இல் மார்ச் 31ஆம் திகதியும் நோன்புப் பெருநாள் கொண்டாடப்பட்டது. 2024இல் அது சித்திரைப் புத்தாண்டுடன் ஒட்டியே வந்தமையால், கிழக்கிலும் மலையக நகரங்களிலும் இரு சமூகத்தாரும் ஒரே வாரத்தில் கடைகளில் கூடினர். அந்த ஏப்ரல் மாத விற்பனையை அப்படியே 2025 ஏப்ரலுக்குப் பொருத்திப் பார்த்தவர் ஏமாந்திருப்பார். ஏனெனில் 2025இல் பெருநாள் வியாபாரம் முழுவதும் மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டிருந்தது.

இது மாதக் கணக்குடன் முடிந்துவிடும் குழப்பமன்று. இலங்கையில் வருமான வரிக்கான மதிப்பீட்டாண்டு ஏப்ரல் முதலாம் திகதி ஆரம்பித்து அடுத்த மார்ச் 31ஆம் திகதி முடிவடைகிறது. 2024/25 மதிப்பீட்டாண்டை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு நோன்பின் இறுதிப் பத்து நாட்கள், அதாவது புடைவை, பாதணி, இனிப்புப் பண்டங்கள் என்பன அதிகமாக விற்பனையாகும் நாட்கள், அந்த ஆண்டுக்குள் விழுந்தன. 2025ஆம் ஆண்டின் நோன்பு மாதம் முழுவதும் அதே ஆண்டுக்குள் அடங்கியது. ஆக, ஒரே கணக்காண்டில் ஏறத்தாழ இரண்டு பெருநாள் வியாபாரம் பதிவாகியிருக்கும். 2025/26ஆம் ஆண்டுக்குரியதோ ஒரேயொரு நோன்பு மாதம்தான். 2024/25 கணக்கைக் காட்டி வங்கியில் கடன் பெற்றவரும், அதைப் பார்த்துக் கடன் கொடுத்த வங்கி அதிகாரியும் இதைக் கவனித்திருப்பார்களா என்பது கேள்விக்குரியது. வியாபாரம் வீழ்ச்சியடைந்துவிட்டதாகப் பின்னர் இருவரும் கவலைப்படக்கூடும்; உண்மையில் நகர்ந்தது பிறை மட்டுமே.

2000ஆம் ஆண்டில் ஜனவரி முற்பகுதியில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றுமாக இரண்டு பெருநாட்கள் ஒரே ஆங்கில ஆண்டில் வந்தன. பழைய வியாபாரிகள் சிலருக்கு இது நினைவிருக்கலாம். 2030ஆம் ஆண்டில் நோன்பு ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசி வாரத்தில் மறுதடவையும் ஆரம்பிக்கவிருக்கின்றது. 2033இல் மீண்டும் இரண்டு பெருநாட்கள் வரும். இவை எதிர்பாராத சம்பவங்களல்ல. ஹிஜ்ரி நாட்காட்டியின்படி ஒரு கணக்கும் ஆங்கில நாட்காட்டியின்படி ஒரு கணக்குமாக இரண்டையும் அருகருகே வைத்து, நோன்பின் முதலாம் பத்து, இரண்டாம் பத்து, மூன்றாம் பத்து என்று விற்பனையைப் பிரித்து எழுதிவந்தால் மதிப்பீடு வெகுவாகத் திருந்திவிடும். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

இரண்டாவது தடங்கல் பணத்தின் பெறுமதி. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலரொன்றின் விலை சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 சதவீதமாகும். இக்காலத்தில் அநேக கடைகளில் கல்லாவில் சேர்ந்த பணம் கூடியதே தவிரக் குறையவில்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தவர்கள், நாடு நெருக்கடியில் சிக்கியிருந்தாலும் நமது வியாபாரம் பரவாயில்லை என்று எண்ணிக்கொண்டனர்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் ஓராண்டில் ஆயிரம் சேலைகள் தலா 4,000 ரூபா வீதம் விற்பனையாகின்றன. வருமானம் 40 இலட்சம். அடுத்த ஆண்டு 700 சேலைகளே விற்கின்றன, ஆனால் விலை 6,500 ரூபா. வருமானம் 45 இலட்சத்து 50 ஆயிரம். ரூபாக் கணக்கில் இது ஏறத்தாழ 14 சதவீத வளர்ச்சி. ஆனால் முதலாம் ஆண்டில் சேலையின் கொள்விலை 3,000 ரூபாவாக இருந்தபோது அந்த 40 இலட்சத்தைக் கொண்டு 1,300க்கும் அதிகமான சேலைகளை வாங்கியிருக்கலாம். இரண்டாம் ஆண்டில் கொள்விலை 5,200 ரூபாவாகிவிட்டதால் 45 இலட்சத்து 50 ஆயிரத்துக்குக் கிடைப்பது 875 சேலைகள் மாத்திரமே. வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றைக் கழிக்காமலேயே இந்த நிலை. வளர்ந்துகொண்டிருப்பதாகக் கருதப்பட்ட கடை உண்மையில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டிருக்கிறது. விற்பனையை ரூபாவில் மட்டுமன்றி எண்ணிக்கையிலும், கிலோவிலும், மீற்றரிலும் பதிந்துவைத்தவர்களே இதை உரிய காலத்தில் கண்டுகொண்டிருப்பார்கள்.

விலைகள் தணிந்த பின்னரும் இத்தவறு வேறு வடிவத்தில் தொடர்ந்தது. பணவீக்கம் குறைவதென்றால் விலைகள் ஏறும் வேகம் குறைகிறது என்றே பொருள். விலைகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்பதல்ல. சம்பளம் பெறுவோரின் வருமானம் அந்த அளவுக்கு உயரவில்லை. ஆகவே 2022இல் வாங்குவதை நிறுத்தியவர்கள் 2023இல் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் பல துறைகளில் பொய்த்தது.

மூன்றாவது தடங்கலைப் பற்றி எழுதுவது சற்றுக் கடினமானது. 2014 ஜூன் மாத நடுப்பகுதியில் அளுத்கம, பேருவளைப் பிரதேசங்களில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டபோது நோன்பு ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரங்களே இருந்தன. 2018 மார்ச்சில் திகன உட்படக் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் அது நிகழ்ந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், மே 13ஆம் திகதியளவில் மினுவாங்கொடையிலும் குருநாகல், புத்தளம் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் வன்செயல்கள் வெடித்தபோது நோன்பின் முதல் வாரமே கடந்திருந்தது. அவ்வேளையில் பெருநாளுக்கான சரக்குகள் ஏற்கனவே கடைகளுக்கு வந்துவிட்டன, காசோலைகளும் கொடுக்கப்பட்டுவிட்டன. எரிக்கப்படாத கடைகளும் பகிஷ்கரிப்புப் பிரசாரத்தினால் பாதிக்கப்பட்டன.

வடக்கிலும் இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் தமது கடைகளையும் சரக்குகளையும் விட்டு வெறுங்கையுடன் வெளியேற்றப்பட்டனர். எந்தக் கணக்காளரின் மதிப்பீட்டிலும் அதற்கு இடமிருந்திருக்க முடியாது. 2002இல் யுத்தநிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது யாழ்ப்பாண வர்த்தகர்கள் புதிய நம்பிக்கையுடன் முதலீடு செய்தனர். 2006 ஆகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டது. குடாநாட்டுக்கான பொருட்கள் கப்பலை நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது.

இவ்வாறான நாட்டில் மதிப்பீடு செய்வதில் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் எதிர்பாராதது நடக்கும் திகதியைக் கூற முடியாவிடினும், அது நடந்தால் எவ்வளவைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். விற்பனைக்கு ஓர் இலக்கத்துக்குப் பதிலாக மூன்று இலக்கங்களை எழுதிக்கொள்வது, அதாவது எதிர்பார்ப்பது, நல்ல காலமாயின் கிடைக்கக்கூடியது, கெட்ட காலமாயின் எஞ்சுவது என வைத்துக்கொள்வது, உலகெங்கும் நடைமுறையில் உள்ளதே. கடையின் வாடகை, சம்பளம், கடன் தவணை ஆகிய மூன்றும் மூன்றாவது இலக்கத்துக்குள் அடங்க வேண்டும். சரக்குக் கொள்வனவு மட்டுமே முதலாவது இலக்கத்தை நோக்கிச் செல்லலாம். அதையும் ஒரே தடவையில் அன்றி, நோன்பின் முதற் பத்து நாட்களின் விற்பனையைப் பார்த்து இரண்டாவது தொகுதியை எடுப்பதாக அமைத்துக்கொள்வது நன்று. மொத்த வியாபாரி இதற்குச் சற்றுக் கூடிய விலை கேட்பார் என்பது உண்மையே. அந்த மேலதிக விலையைக் காப்புறுதிக் கட்டணமாகக் கருத வேண்டியதுதான்.

2009இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு நேர்மாறானதே நடந்தது. நிதிக் கம்பனிகளும் லீசிங் நிறுவனங்களும் நகரத்துக்கு நகரம் கிளைகளைத் திறந்தன. யுத்தம் முடிந்தவுடன் ஏற்பட்ட வேகமான எழுச்சி மிகத் தாழ்ந்த மட்டத்தில் இருந்து ஆரம்பித்த எழுச்சியென்பதைப் பலர் மறந்தனர். வீடு கட்டுவோரும் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்குவோரும் ஒரு முறை வாங்கிய பின் மீண்டும் உடனே வாங்கப்போவதில்லை. ஆயினும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் வளர்ச்சி தொடர்ந்து நீடிக்கும் என்ற அடிப்படையிலேயே கடன்கள் கொடுக்கப்பட்டன, பெறப்பட்டன. நுண்கடன் பொறியில் சிக்கிய பெண்களின் துயரம் நாடறிந்தது. 2018இல் வறட்சியினால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டியேற்பட்டது.

நடுத்தர வர்த்தகர்களின் கதி பின்னர் வெளிப்பட்டது. 2020 இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி வீதம் 6 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2022 இறுதியில் அது 27 சதவீதத்தைத் தாண்டியது. மாறும் வட்டியில் கடன் பெற்றவர் தமது விற்பனையைச் சரியாகவே மதிப்பிட்டிருந்தாலும் தவணையைச் செலுத்த முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே அடகு வைத்த ஆதனத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்குகிறது. பராட்டே என்று பரவலாக அறியப்படும் அந்த அதிகாரம் 2024இல் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டதும், பின்னர் அக்கால எல்லை நீடிக்கப்பட்டதும் வர்த்தகர்களின் நெருக்குதலினாலேயே. ஒரு பக்கத்தில் கடன் பெற்றவரின் மதிப்பீடு பிழைத்தால் அவரது வீடு ஏலத்துக்கு வருகிறது. மறுபக்கத்தில் அதே மதிப்பீட்டை அங்கீகரித்துக் கடன் வழங்கிய அதிகாரியின் பிழைக்கு என்ன விலை என்று எவரும் கேட்பதில்லை.

அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடுகள் மட்டும் திறமானவையா? 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சுமார் 2,280 பில்லியன் ரூபா வருமானத்தை எதிர்பார்த்தது. ரூபாவின் பெறுமதி சரிந்து விலைகள் வெகுவாக உயர்ந்த அந்த ஆண்டிலும்கூடக் கிடைத்தது சுமார் 1,980 பில்லியன்தான். 2023இல் சுமார் 3,400 பில்லியன் எதிர்பார்க்கப்பட்டு ஏறத்தாழ 3,050 பில்லியன் கிடைத்தது. குறைந்த தொகையைத் திறைசேரி கடன் வாங்கி ஈடுசெய்யலாம், மக்கள் மீது வரி விதிக்கலாம். கல்முனைக் கடைக்காரருக்கு அவ்வசதி கிடையாது.

சுற்றுலாத்துறை இன்னொரு தெளிவான உதாரணம். 2011இல் வகுக்கப்பட்ட திட்டத்தில் 2016ஆம் ஆண்டுக்குள் 25 இலட்சம் உல்லாசப் பயணிகள் என்று இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. வந்தவர்கள் ஏறத்தாழ 20 இலட்சத்து 50 ஆயிரம் பேர். 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரமாக உயர்ந்த எண்ணிக்கை, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்த 2019 மே மாதத்தில் முந்திய ஆண்டின் அதே மாதத்தை விட 70 சதவீதத்தினால் வீழ்ந்தது. 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவானோரே வந்தனர். 2025இல் 30 இலட்சம் பேர் என்று இலக்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ 23 இலட்சத்து 60 ஆயிரம் பேர் வந்தனர். அது 2018இன் சாதனையை முறியடித்த எண்ணிக்கையே. ஆனால் 30 இலட்சத்தை நம்பி அறுகம்பையிலோ பாசிக்குடாவிலோ அறைகள் கட்டியவருக்கு அச்சாதனை எவ்வகையில் ஆறுதலளிக்கும்?

இங்கே இரண்டு வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இலக்கு என்பது நாம் அடைய விரும்புவது. எதிர்வுகூறல் என்பது நடக்கக்கூடியது. அமைச்சர்கள் இலக்குகளை அறிவிக்கட்டும், அது அவர்களது தொழில். அந்த இலக்குகள் வங்கிகளுக்குச் சமர்ப்பிக்கப்படும் திட்ட அறிக்கைகளில் எதிர்வுகூறல்களாக இடம்பிடிப்பதுதான் ஆபத்தானது.

சிறு வர்த்தகர்கள் இனியும் மனக்கணக்குடன் காலந்தள்ள முடியாதென்பதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் வருமான வரி செலுத்துவோர், ஆண்டு முடிவடையும் முன்னரே மதிப்பிடப்பட்ட வரியைக் கூற்றொன்றின் மூலம் அறிவித்துக் காலாண்டுத் தவணைகளில் செலுத்த வேண்டும். முதல் தவணைக்குரிய நாள் ஆகஸ்ட் 15. அதாவது நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு ஆறேழு மாதங்கள் இருக்கும்போதே அதன் இலாபத்தை மதிப்பிட்டாக வேண்டும். பெறுமதி சேர் வரிக்கான பதிவெல்லை 2020இல் ஆண்டுக்கு 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டு, 2022இல் 8 கோடியாகவும் 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதனை 3 கோடியே 60 இலட்சமாகக் குறைப்பதற்கு முன்மொழியப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக ஓர் இலட்சம் ரூபா விற்பனை! நடுத்தரப் பலசரக்குக் கடையொன்றுக்கு அது பெரிய தொகையன்று. ஆண்டு எல்லையோடு காலாண்டுக்கான எல்லையும் இவ்வரியில் இருப்பதால், ஏனைய மாதங்களில் மந்தமாக இருக்கும் புடைவைக் கடையொன்று பண்டிகைக் காலாண்டில் மட்டும் எல்லையைக் கடந்துவிடவும் கூடும். 18 சதவீத வரியை முன்கூட்டியே விலையில் சேர்த்துக்கொள்ளாதவர் அதனைத் தமது இலாபத்தில் இருந்தே கட்ட நேரிடும்.

மதிப்பீடு செய்யுமாறு சட்டம் கேட்கிறது. அதற்கு வேண்டிய தகவல்களை அரசு வழங்குகிறதா? 2021இல் நடத்தப்பட்டிருக்க வேண்டிய சனத்தொகைக் கணக்கெடுப்பு 2024 இறுதியிலேயே பூர்த்தியானது. அதன்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சத்து 60 ஆயிரமளவு. இடைப்பட்ட ஆண்டுகளில் 2 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்ற ஊகத்திலேயே கணக்குகள் போடப்பட்டன. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பதிவு செய்து சென்றனர். அவர்கள் கடைக்கு வரமாட்டார்கள், ஆனால் அவர்கள் அனுப்பும் பணம் வரும். அப்பணம் 2022இல் 3.8 பில்லியன் டொலராக இருந்து 2024இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. அதில் அம்பாறைக்கு எவ்வளவு, மட்டக்களப்புக்கு எவ்வளவு, மன்னாருக்கு எவ்வளவு என்று மாதாந்தம் தெரிந்தால் அங்குள்ள வர்த்தகருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி இருக்க முடியாது. மத்திய வங்கியிடமும் வர்த்தக வங்கிகளிடமும் அத்தரவுகளின் பெரும்பகுதி இருக்கவே செய்யும்.

அவை வெளியிடப்படும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் கல்முனையிலும் புத்தளத்திலும் வர்த்தக சங்கங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு நகரிலும் இருபது கடைகள், தமது பெயரையோ ரூபாத் தொகையையோ வெளியிடாமல், சென்ற மாதத்தை விட எத்தனை சேலை, எத்தனை சீமெந்துப் பை, எத்தனை மூடை அரிசி கூடவோ குறையவோ விற்றன என்பதை மட்டும் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால், ஒரு பக்கத்தில் அச்சிட்டு மாத ஆரம்பத்தில் அங்கத்தவர்களுக்கு அனுப்பிவிடலாம். திகதிகளை ஹிஜ்ரியிலும் ஆங்கிலத்திலும் குறிப்பிட வேண்டும். போட்டியாளருக்கு விடயம் தெரிந்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். அடுத்த கடைக்காரர் எவ்வளவு சரக்கிறக்கினார் என்பதை லொறியைப் பார்த்தே தெருவிலுள்ள அனைவரும் அறிந்துகொள்ளும் ஊர்களில், அந்த அச்சத்துக்கு அவ்வளவு இடமிருப்பதாகத் தெரியவில்லை.